சேவியரின் தண்ணீர்ப் போத்தல்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. குழாயில் தே தாரிக் டீ நிறத்தில் தண்ணீர். எஸ்டேட் தொட்டி மறுபடியும் கலங்கிவிட்டது. துணி துவைக்கவில்லை. நேற்றுப் பிடித்து வைத்த தெளிந்த தண்ணீர் பெரிய பானையில் இருந்தது, அதைக் கொதிக்க வைத்தேன். ஆறுவதற்குள் மில்லுக்கு நேரமாகிவிட்டது.

சே.யின் நாலாவது கீமோ போன வியாழக்கிழமை முடிந்தது. இன்னும் இரண்டு. லிம்போமா என்று கேட்ட நாளில் அந்த வார்த்தையை எழுதக்கூடத் தெரியவில்லை எனக்கு. இப்போது டாக்டர் பேசுவதில் பாதி புரிகிறது. இந்த வாரக் கடைசியில் வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போகும். அப்போது சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல் 38ஐத் தொட்டால் மாத்திரை கொடுக்காமல் நேரே சிரம்பான் ஆஸ்பத்திரி. காத்திருக்கக் கூடாது.

போத்தல்களின் இன்றைய நிலை:
எவர்சில்வர் – லோரியில் இவர் கூடவே சுற்றியது. இப்போது தொடமாட்டேன் என்கிறார். "காச வாயில போட்டுச் சப்புற மாதிரி இருக்கு." கீமோ தொடங்கியதிலிருந்து எல்லாமே இரும்பு ருசி.
உறிஞ்சுகுழல் வைத்த பிளாஸ்டிக் – குழலுக்குள் கறுப்பு. பிரஷ் போகவில்லை. எறிந்தேன்.
கண்ணாடி – இரண்டு. ஒன்று குடிக்க, மற்றது காய.

வார்டு நர்ஸ் சொன்னது மறக்கவில்லை. "மூடிய மட்டும் கழுவுனா பத்தாதுக்கா. உள்ள இருக்கிற ரப்பரக் கழட்டணும். அழுக்கு அதுக்கு அடியிலதான் குடியிருக்கும்." சாத்தே இறைச்சி கோர்க்கும் குச்சியால் நெம்பி எடுக்கிறேன். சோப்பு, சுடுதண்ணீர், பிரஷ். கொதித்து ஆறிய தண்ணீரில் அலசல். மூடி போடாமல் கவிழ்த்துக் காய வைப்பது. துணியால் துடைப்பதில்லை, துணியிலும் கிருமி.

சே. பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னைய விட அந்தப் போத்தல்தான் உனக்குப் புருசன் போலலா."

சிரித்தேன். குச்சி விரலில் குத்திவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

மில்லில் நீண்ட வரிசை. மழையில் சிக்கிய லோரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எண்ணெய்ப்பனைக் குலைகளோடு வந்து சேர்ந்தன. நான் லோரிகளை நிறுக்கும் கூண்டில் உட்கார்ந்தவள் மதியம் வரை எழவில்லை. சே.யின் லோரியை இப்போது சுரேஷ் ஓட்டுகிறான். கண்ணாடிக்கு மேல் சே. ஒட்டிய அந்தோணியார் படத்தை அப்படியே விட்டிருக்கிறான். அவன் இந்து. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அண்ணன் வந்து கேப்பாருல்ல."

அடுத்த லோரி ஹாரன் அடித்தது. நல்லவேளை.

கேஸ் தீரப்போகிறது. உப்பு வாங்க வேண்டும், சே. வாய் கொப்பளிக்க. நாளை மேரி அண்ணி வருகிறார்.

நவம்பர் 5, புதன்

மேரி அண்ணி வந்தாயிற்று. கோலா கிளாவாங் பஸ் நிலையத்தில் குடையோடு நின்றிருந்தார். மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தேன். இரண்டு பேரும் நனைந்தோம்.

சே.யின் ஒரே அக்கா. சிரம்பான் பக்கம் ராசாவில் தனியாக இருக்கிறார், ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். அவர்களுடைய அம்மா போனபோது சே. சின்னப் பையன், தூக்கி வளர்த்தவர் இவர்தான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் சே.யைத் தனியாக விடக் கூடாது என்று லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்படி வர யாருக்கு மனது வரும்.

உள்ளே நுழைந்ததும் கையைக்கூடக் கழுவாமல் தம்பியின் தலையைத் தடவினார். முடியில்லாத தலை. தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கைதான் கண்ணில் பட்டது. பஸ் கம்பியைப் பிடித்த கை.

"அண்ணி, கை கழுவிட்டு வாங்களேன்."

போய்க் கழுவினார். முகம் சுருங்கிவிட்டது.

பையில் நெத்திலி, கருவேப்பிலை, சே.க்கு ஒரு புதுக் கைலி. அப்புறம் மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். நீலக் கிரீடம்தான் மூடி. உள்ளே தீர்த்தம். அண்ணியின் கோயிலைச் சேர்ந்த யாரோ போன வருஷம் இந்தியாவுக்குத் திருயாத்திரை போய்க் கொண்டுவந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நெத்தியில பூசுங்க அண்ணி. குடிக்க மட்டும் வேணாம். டாக்டர் கொதிச்ச தண்ணி மட்டும்தான்னு சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியாதா. நான் என்ன சின்னப் புள்ளயா."

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. வெயில் வந்ததும் மில் வாடை லைன் வீடுகள் முழுக்க.

சே.யின் வாயில் புண். கீழுதட்டின் உள்பக்கம் வெள்ளையாக. கஞ்சி மட்டும்.

வேலையிலிருந்து வந்து பார்த்தால் காயவேண்டிய போத்தல் ஈரத்தோடு மூடிக் கிடந்தது. திறந்து முகர்ந்தேன். அடைபட்ட வாடை. மறுபடி முதலிலிருந்து கழுவினேன்.

"நான் கழுவித்தானே வச்சேன்," என்றார் அண்ணி. "எத்தனை தடவ கழுவுவே? தேஞ்சு போயிரும்."

"ஈரத்தோட மூடக் கூடாது அண்ணி."

"எங்கம்மா ஒரே செம்புல எங்க எல்லாருக்கும் தண்ணி குடுத்தாங்க. யாரும் செத்துப்போகல."

சொன்னதும் அவரே நிறுத்திக்கொண்டார். அம்மா செத்துத்தானே போனார், இளம் வயதில். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னறையிலிருந்து சே., "டிவி சத்தம் பத்தல, இன்னும் கொஞ்சம் சண்ட போடுங்க," என்றார்.

பக்கத்து வீட்டில் கரோக்கே. அதே பழைய பாட்டு, அதே இடத்தில் தப்பு.

நவம்பர் 7, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் யாரிடமாவது கத்திவிடுவேன்.

மாலை வந்ததும் சே. உற்சாகமாக இருந்தார். "இன்னிக்குத் தண்ணி நல்லா இருக்குலா. இரும்பு ருசியே இல்ல." எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. அதே தொட்டி, அதே பானை, அதே அடுப்பு. ருசி எப்படி மாறும்?

கழுவப் போத்தலை எடுத்தேன். ரப்பர் வளையத்தின் அடியில் வழவழப்பு. காலையில்தான் கழற்றித் தேய்த்தது. முகர்ந்தேன். குட்டை வாடை. ரொம்பக் கொஞ்சம். வேறு யாராவது என்றால் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். புதன்கிழமை கழுத்துவரை இருந்த தீர்த்தம் இப்போது இடுப்புக்குக் கீழே. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அடியில் பச்சை.

அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். போத்தலை அவர் முன்னால் வைத்தேன். சே. தூங்கிக்கொண்டிருந்ததால் எல்லாம் கிசுகிசுப்பில்தான்.

"குடுத்தீங்களா?"

"கொஞ்சம்தான். ஒரு மூடி ஊத்துவேன், அவ்வளவுதான்."

"எப்பலேர்ந்து?"

வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"வந்த அன்னிக்கே."

"கெஞ்சிச் சொன்னேனே. குடிக்க வேணாம்னு சொன்னேனே."

"நீ உன் வழியில பாக்கிறே. நான் என் வழியில. என் தம்பிக்கு நான் வெசமா குடுப்பேன்?"

"அடியில பாருங்க. பச்சையா இருக்கு. ஒரு வருசத்துத் தண்ணி."

"மாதா தண்ணி கெட்டுப்போகாது."

என்ன சொல்ல. நானும் கோயிலுக்குப் போகிறவள்தான். நானும் ஒவ்வொரு இரவும் ஜெபமாலை பிடிக்கிறவள்தான். ஆனால் போத்தலில் பாசி பிடித்திருப்பதை என் கண்ணால் பார்க்கிறேனே.

தீர்த்தத்தைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. பின்னால் செம்பருத்தி வேரில் ஊற்றினேன். அண்ணி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அழவும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

வார்டுக்குப் போன் செய்தேன். கொதிக்க வைக்காத தண்ணீர் கொஞ்சம் குடித்துவிட்டார் என்றேன். யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. "காய்ச்சல் பாத்துக்கிட்டே இருங்க. 38 ஆனா உடனே கெளம்புங்க," என்றார் நர்ஸ்.

இப்போது 36.9.

நவம்பர் 8, சனி

காலை 37.1. மதியம் 37.4. மாலை 37.2.

தெர்மோமீட்டரைப் பார்த்தாலே சே.க்குக் கோபம். "என்ன, அரை மணிக்கு ஒரு தரம்? நான் என்ன கோழிக்குஞ்சா, அடை வைக்கிறியா?"

வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறதாம். வெளிக்குப் போனதா என்று கேட்டேன். "இத வேற லோரி மாதிரி நிறுத்துப் பாக்கிறியா?"

எனக்கும் அண்ணிக்கும் பேச்சு இல்லை. அவர் சமைக்கிறார், நான் கழுவுகிறேன். ஒருவர் கை படும் சாமானை மற்றவர் தொடுவதில்லை. சே. ஒருமுறை என்னையும் ஒருமுறை அவரையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் கேட்கிறவர், ஏன் கேட்கவில்லை?

அண்ணி இன்று எதையும் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை. அவர் தட்டு காய்ந்தே இருந்தது. நானும் வற்புறுத்தவில்லை.

மறுபடி மழை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பை, குடை, ஈரச் செருப்பு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிர்கிறது என்றார். போர்வை கொடுத்தேன். பல் தந்தியடிக்கத் தொடங்கியது. 38.4. மறுபடி வைத்தேன், அதே. தெர்மோமீட்டரைக் கீழே வைத்ததும் பின்னால் அண்ணியின் குரல், "எவ்வளவு?" இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் சொல். சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சுரேஷுக்குப் போன் செய்தேன். உடுத்திய சட்டையோடு காரை எடுத்து வந்தான். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பின்சீட்டில் சே., தலை அண்ணியின் மடியில். நான் முன்னால்.

மலைப்பாதையில் பாதி தூரம் போனதும் வரிசையாக வண்டிகள் நின்றன. மரம் விழுந்து ரோட்டை அடைத்துவிட்டது. முன்னால் மரம் அறுக்கும் மிஷின் சத்தம். சுரேஷ் இறங்கி ஓடினான். நான் திரும்பிப் பார்த்தேன். சே.யின் உதடு நீலம். நடுக்கம் நிற்கவே இல்லை. அண்ணி தன் முந்தானையால் அவர் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார். வாயில் ஜெபம், சத்தமில்லாமல்.

திரும்பிச் சுற்றுவழியாகப் போகலாமா, காத்திருக்கலாமா? எதைச் செய்தாலும் தப்பாகிவிடும் போலிருந்தது. நானும் இறங்கி மழையில் முன்னால் போனேன். கம்பத்து மலாய்க் கிராமவாசிகள் நாலைந்து பேர் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் பிடித்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"சாக்கிட்டா?" என்றார். நோயாளியா என்று.

"சுவாமி சாயா, பாங். கீமோ. டெமாம்." என் புருஷன், கீமோ, காய்ச்சல். அதற்குமேல் மலாய் வாயில் வரவில்லை.

அவர் மற்றவர்களைப் பார்த்து ஏதோ கத்தினார். தடித்த அடிமரத்தை விட்டுவிட்டு நுனிப் பக்கத்தை அறுத்தார்கள். ஒரு கார் மட்டும் போகிற அளவுக்கு வழி. முன்னால் நின்ற வண்டிகள் ஓரமாக ஒதுங்கின. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கிளைகள் காரின் இரண்டு பக்கமும் கீறிக்கொண்டே போயின. சுரேஷ் நிறுத்தாமல் ஓட்டினான். கார் அவனுடையது, வாங்கி வருஷம்கூட ஆகவில்லை.

அவசரப் பிரிவில் உடனே எடுத்துக்கொண்டார்கள். இளம் டாக்டர், சீனப் பெண், மலாயில் கேட்டுக்கொண்டே எழுதினார். கடைசிக் கீமோ எப்போது, வயிற்றுப்போக்கா, இருமலா. அப்புறம், வெளிச் சாப்பாடு ஏதாவது? கொதிக்காத தண்ணீர்?

வழியெல்லாம் இந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டேதான் வந்தேன். சொல்ல வேண்டும், டாக்டரிடம் மறைக்க முடியுமா? ஆனால் சே. கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணி என் பின்னால் நிற்கிறார். "ஆயிர்..." என்று தொடங்கினேன். தண்ணீர் என்று மட்டும்.

அண்ணி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கேன்டீன் மலாயில், தப்பும் தவறுமாக, எல்லாவற்றையும் சொன்னார். கோயில் தண்ணீர். பழைய தண்ணீர், ஒரு வருஷம். போத்தலில் பச்சை. நான் கொடுத்தேன், இவளுக்குத் தெரியாது, இவள் வேண்டாம் என்று சொன்னாள்.

டாக்டர் திட்டவில்லை. தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இன்னொரு மருந்தும் சேர்க்கச் சொன்னார். சே. கண்ணை மூடியிருந்தார்.

நவம்பர் 10, திங்கள்

பிரஷர் இறங்கி, மருந்து ஏற்றி, மறுபடி ஏறி. ஐசியூ என்று பேச்சு வந்தது, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். 39.1. கையில் இரண்டு ஊசிக் குழாய்.

ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். அண்ணி லிஃப்ட் அருகே நாற்காலியில். மில்லுக்குப் போன் செய்து லீவு சொன்னேன். மானேஜர் நல்லவிதமாகப் பேசினார்.

பக்கத்துக் கட்டில் தாத்தா மகளிடம்: "வீட்டுல பூனைக்குச் சோறு வச்சியா?" அதே கேள்வி, திரும்பத் திரும்ப.

மதியம் அண்ணி, "நான் இருந்தா உனக்குக் கஷ்டம்," என்று சொல்லிவிட்டு ராசாவுக்குப் போய்விட்டார். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

38.6. கொஞ்சம் பேசினார். பேச்செல்லாம் அக்காவைப் பற்றி.

"அக்கா எங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க."

"நீ அனுப்பிட்டியா?"

"நான் அனுப்பல. தடுக்கவும் இல்ல."

மேலே மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "எனக்குத் தெரியும் ஸ்டெல்லா. மொத நாளே தெரியும். ருசி தெரியாதா. அக்கா ஊத்துறத நான் பாத்தேன்."

"தெரிஞ்சா குடிச்சீங்க?"

"எனக்காக அக்கா தனக்குன்னு ஒரு வாழ்க்கையே வாழல. ஒரு மூடித் தண்ணி. வேணாம்னு எப்படிச் சொல்றது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அதுகிட்ட சண்ட போடுவே."

"உயிர் போயிருந்தா?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நாலு நாளாக அண்ணிமேல் சுமந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. தினமும் குச்சியால் நெம்பி, சுடுதண்ணீரில் விரல் வெந்து, நான் கழுவிக்கொண்டிருக்கிறேன். இவர் எங்கள் இரண்டு பேரையும் நோகடிக்கக் கூடாது என்று என் தண்ணீரையும் குடித்தார், அக்கா தண்ணீரையும் குடித்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதருக்கு வாழ்க்கைப்பட்டால் இதுதான் பாடு.

திரும்பிப் போனபோது தூங்கிவிட்டிருந்தார். நெற்றியில் கை வைத்தேன். கை சுட்டது. அப்படியே வைத்திருந்தேன்.

நவம்பர் 12, புதன்

காலை 37.8. மாலை 37.3.

சட்டை முழுக்க வேர்வை. துடைத்து விட்டேன். "பசிக்குது," என்றார். கஞ்சியில் பாதி.

பேசிக்கொள்ளவில்லை, ஆனால் கஞ்சி ஊட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

நவம்பர் 13, வியாழன்

காய்ச்சல் இல்லை. வெள்ளை அணு ஏறத் தொடங்கிவிட்டது.

பெரிய டாக்டர் ரவுண்டு வந்தார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். கண்டுபிடித்த கிருமி எல்லார் குடலிலும் இருப்பதுதான். அணுக்கள் குறைந்து, வாயும் குடலும் புண்ணாகிவிட்டால், உள்ளேயிருந்தே இரத்தத்துக்குள் இறங்கிவிடும். வெளியிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை.

"அப்ப அந்தத் தண்ணியால இல்லையா, டாக்டர்?"

"பெரும்பாலும் அவர் உடம்பிலிருந்தேதான். தண்ணீரால் இல்லவே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. இனிமேல் கொடுக்க வேண்டாம்." அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அண்ணிக்கு உடனே போன் செய்யக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். பயந்துகொண்டே இருக்கட்டும், அப்போதுதான் மறுபடி செய்யமாட்டார் என்று ஒரு நினைப்பு. இரவு ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது அந்த நினைப்பு கூடவே உட்கார்ந்தது. சரியாக ஜெபிக்க முடியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் சே.யைக் குளிப்பாட்டி விட்டு, பஸ் ஏறி ராசாவுக்குப் போனேன். கோயில் தெருவில் பூக்கடைகள் திறந்திருந்தன. வெயில்.

அண்ணி கதவைத் திறந்தார். முகம் ஒடுங்கிப்போய், கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வேலைக்குப் போகவில்லையாம். என்னைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்காரு அண்ணி," என்றேன் முதலில். "காய்ச்சல் விட்டிருச்சு. இட்லி கேக்கிறாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிமெண்டுத் தரை குளிர்ந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அவரு ஒடம்புல இருக்கிற கிருமிதானாம். வெளியிலேர்ந்து வந்தது இல்லையாம்."

என்னை உற்றுப் பார்த்தார். "வேற என்ன சொன்னாங்க?"

அதோடு விட்டிருக்கலாம். விடத்தான் நினைத்தேன். ஆனால் அவசரப் பிரிவில் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து உண்மையைச் சொன்னவர் இவர். இவரிடம் பாதியைச் சொல்ல முடியவில்லை.

"தண்ணியால இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாதாம்."

வெளியே ஐஸ்கிரீம் மோட்டாரின் மணி போனது.

"அப்படின்னா நான் சாகற வரைக்கும் எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது அண்ணி. என் கையில எங்கயாவது தப்பியிருக்கலாம். நான் கழுவுன போத்தலா இருக்கலாம்."

"நீயா? நீதான் அந்தப் போத்தலத் தோல உரிக்கிற மாதிரித் தேய்ப்பியே."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபிறகு அழுகை. அண்ணி என் தோளில் தட்டிக்கொடுத்தார். குழந்தைக்குத் தட்டுகிற தட்டு. சே.யையும் இப்படித்தான் தட்டியிருப்பார்.

"அவருக்கு மொதல்லயே தெரியும் அண்ணி. நீங்க ஊத்துறதப் பாத்திருக்காரு."

கை நின்றது.

"தெரிஞ்சா குடிச்சான்?"

"ஆமா."

"மடையன்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு அறை வைக்கணும் அவன."

"ஒண்ணு என் பங்குக்கு."

பசியாறினீர்களா என்று கேட்டேன். இல்லை. எழுந்து கோப்பி போட்டார். ரொட்டியும் காயா ஜாமும். இருவரும் சாப்பிட்டோம். அண்ணி மூன்று துண்டு.

நவம்பர் 15, சனி

அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் நடைபாதையில் இருந்துகொண்டேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அக்கா விரலை நீட்டித் திட்டுகிறார், தம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார். நெடுநேரம் திட்டினார். அப்புறம் அவர் தலையைத் தடவினார். தடவுவதற்கு முன்னால் சுவரில் இருந்த கை கழுவும் மருந்தை அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டார்.

சுரேஷின் போன்: "அண்ணன் எப்பக்கா வீட்டுக்கு? காருக்குப் பெயிண்ட் அடிக்கப் போறேன், என்ன கலருன்னு கேட்டுச் சொல்லுங்க."

நவம்பர் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அஞ்சாவது கீமோ ஒரு வாரம் தள்ளி. அதுவரை உடம்பைத் தேற்ற வேண்டும். சே.யின் விரல் நுனிகள் மரத்திருக்கின்றன, மருந்தின் வேலை, சட்டைப் பித்தானைப் போடவே நேரமாகிறது. அண்ணியும் வந்திருக்கிறார், ஞாயிறுவரை.

எஸ்டேட் தண்ணீர் தெளிந்துவிட்டது. பானை அடுப்பில்.

சாயந்தரம் போத்தலை எடுக்கப் போனேன். அண்ணியும் அதே நேரத்தில் கை நீட்டினார். இருவரும் கையை இழுத்துக்கொண்டோம். நீங்களே, நீயே என்று ஒரு தடுமாற்றம்.

சே. எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் கையை விட்டுப் போத்தலை எடுத்துக்கொண்டார்.

"இனிமே என் போத்தல நானே கழுவிக்கிறேன்."

"உங்க கை மரத்திருக்குங்க."

"மரத்த கைக்குச் சோப்புப் பிடிக்காதா? தள்ளுங்க. யாராச்சும் வாயத் தெறந்தீங்க, ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி விட்டுருவேன்."

நாங்கள் குசினி வாசலில் நின்றோம். மூடியைத் திறக்கவே வெகுநேரம். ரப்பரை எடுக்க நாலைந்து முறை குச்சி வழுக்கியது. உதவிக்கு என் கை தானாக எழுந்தது, அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது. என்னைத் தடுக்கப் பிடித்தாரா, தன்னைத் தடுத்துக்கொள்ளப் பிடித்தாரா தெரியவில்லை. கண்ணாடி ஒருமுறை சிங்கில் நழுவி மோதியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். உடையவில்லை.

நுரை தள்ளத் தேய்த்தார். ஆறிய தண்ணீரை ஊற்றி அலசினார். கவிழ்க்கப் போனார். அடியில் இன்னும் நுரை இருந்தது, எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தார். "எப்படி?"

"இன்னொரு தடவ அலசுடா," என்றார் அண்ணி.

அலசினார்.